டர்பனில் தமிழ் பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கோயில்களில் பூசை நேரத்துக்குப் போனால் தேவாரமும் திருப்புகழும் கணீரென்று கேட்கும். பாடுகிறவர்கள் கையிலிருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தமிழ்ப் பாட்டாக இருக்கும். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களுக்கும், அதன்பிறகு 1911 வரை வந்தவர்களுக்கும் வழிவழியாகப் பிறந்த பிள்ளைகள் இவர்கள். பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசினால் நாக்கு தடுமாறும். ஆனாலும் காதில் தமிழ் விழுந்தால் சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் தமிழுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் பாட்காஸ்ட்டைத்தான், அதாவது இணையத்தில் பகுதி பகுதியாக வெளியிடும் ஒலி நிகழ்ச்சியைத்தான் சொல்வேன். எழுத்துத் தெரியாதவரையும் அது ஒதுக்கி வைக்காது. கார் ஓட்டிக்கொண்டே கேட்கலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கையிலிருக்கும் போன், ஒரு ஹெட்போன், சத்தம் குறைந்த ஓர் அறை, இலவச மென்பொருள் ஒன்று, இவ்வளவு போதும். காசைவிட யோசனைதான் முதலில் வேண்டும். அதிலிருந்தே தொடங்குவோம்.

யாருக்காகப் பேசுகிறீர்கள்?

"தமிழ்ப் பண்பாடு" என்று பெரிதாக ஒரு தலைப்பை எடுத்தால் மூன்றாம் பகுதியிலேயே மூச்சு வாங்கும். குறுக்குங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கோயில்கள், பகுதிக்கு ஒன்று. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர்களின் நினைவுகள். புரட்டாசி மாதச் சமையல். தூங்கப் போகும் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடக் கதை. இப்படி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் பத்துப் பகுதிகளுக்குத் தலைப்பு எழுதிப் பாருங்கள். நான்காவதிலேயே பேனா நின்றுவிட்டால் உங்களுக்கு அந்த விஷயத்தில் இன்னும் சரக்குச் சேர வேண்டும் என்று அர்த்தம். பத்தும் மளமளவென்று வந்தால் அதுதான் உங்கள் நிகழ்ச்சி.

அடுத்து, கேட்கப்போகும் ஒருவரை மனதில் நிறுத்துங்கள். டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் இருக்கும் உங்கள் அத்தை மகளா, ஜொகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் தம்பியா, சென்னையிலிருந்து இரண்டு வருடம் முன்பு வந்த பக்கத்து வீட்டுக்காரரா? மூன்று பேருக்கும் தெரிந்த தமிழ் வேறு வேறு. எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் யாருக்கும் ஒட்டாமல் போகும்.

மொழியைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லி உடனே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் கேட்பவர் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். அதற்குப் பதிலாக, தொடக்கத்தில் அரை நிமிடம் ஆங்கிலத்தில் இன்று என்ன பேசப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் முழுக்கத் தமிழ். நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியங்களில், கடினமான சொல் வந்தால் அதையே எளிய தமிழில் இன்னொரு முறை. காது பழகப் பழகப் பிடித்துக்கொள்ளும்.

நீளம்? 12 முதல் 15 நிமிடம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்குக் காரில் போகும் நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். ஒரு மணி நேரம் பேச உங்களிடம் விஷயம் இருந்தால் அதை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது, எதை வாங்கக் கூடாது

முதல் சில பகுதிகளுக்கு மைக் எதையும் வாங்காதீர்கள். போனில் பதிவு செய்யுங்கள். ஐபோன் என்றால் வாய்ஸ் மெமோஸ் செயலியின் அமைப்பில் ஒலித் தரத்தை லாஸ்லெஸ், அதாவது ஒலியை நசுக்காத வகை, என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் வேவ் கோப்பாகச் சேமிக்கும் ரெக்கார்டர் செயலி இலவசமாகவே கிடைக்கும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். அது ஒலியை நசுக்கிவிடும், பிறகு எவ்வளவு திருத்தினாலும் சரிவராது.

கொஞ்சம் காசு போட மனம் வந்தால் முதலில் சட்டையில் குத்தும் கிளிப் மைக். போயா பிஒய்-எம்1 போன்றவை விலை குறைவு, 6 மீட்டர் வயர் வரும், போனிலேயே செருகலாம். இப்போது வரும் பல போன்களில் அதைச் செருகும் வட்டத் துளை இல்லை என்பதால் அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். அதற்கு அடுத்த படி, கணினியில் செருகும் யுஎஸ்பி டைனமிக் மைக், அதாவது பக்கத்தில் பேசும் குரலையே பெரும்பாலும் பிடிக்கும் மைக். சாம்சன் க்யூ2யூ அந்த வகை. கண்டென்சர் மைக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தெருவில் போகிற டாக்ஸியின் ஹாரன் வரை இழுத்துக்கொண்டு வரும். ஸ்டுடியோ மாதிரி தயார் செய்யாத வீட்டு அறைக்கு டைனமிக்தான் ஏற்றது.

மைக்கைவிட முக்கியம் ஹெட்போன். காதை நன்றாக மூடும் வயர் ஹெட்போன் ஒன்று அவசியம். பதிவில் என்ன விழுகிறது என்று கேட்காமல் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது மாதிரி.

அறையும் சத்தமும்

இதில்தான் பாதி வேலை இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள்.

முதலில் அறைக்கு நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். டங்கென்று எதிரொலி வந்தால் அந்த அறை வேண்டாம். டைல்ஸ் போட்ட வரவேற்பறையும் சமையலறையும் அநேகமாக இப்படித்தான் ஒலிக்கும். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி இருக்கும் படுக்கையறை நல்லது. அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசினால் எதிரொலி நிறையவே குறையும். சாட்ஸ்வொர்த்தின் பழைய முனிசிபாலிட்டி வீடுகளில் ஒரே சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அந்தச் சுவரை ஒட்டாத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

டர்பனில் நேரம் பார்ப்பதும் முக்கியம். விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஹடீடாப் பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும். அந்தக் குரலை மென்பொருளால் சுத்தமாக நீக்குவது கடினம். காலையில் பள்ளிக்கூட நேரத்தில் மினிபஸ் டாக்ஸிகளின் ஹாரன். கோடையில் மாலையானால் மழை, தகரக் கூரையிலோ ஷீட் கூரையிலோ விழுந்தால் பேச்சே கேட்காது. வார நாளில் காலை பத்து மணிக்கு மேல், அல்லது இரவு எட்டரைக்குப் பிறகு, இந்த இரண்டு வேளைகளும் எனக்குத் தெரிந்தவரை தோதானவை.

வீட்டுக்குள் இருக்கும் சத்தங்களில் ஃபிரிட்ஜ்தான் பெரிய எதிரி. நாம் பழகிவிட்டதால் நமக்கே கேட்காது, மைக்குக்குக் கேட்கும். அதை அணைத்துவிட்டு, கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடிப் போவீர்கள், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். சினிமா ஒலிப்பதிவுக்காரர்கள் வழக்கமாகச் செய்வது இது. மின்விசிறி, ஏசி, டிக்டிக்கென்று அடிக்கும் சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்தால் வீடே அமைதியாகிவிடும் என்று நினைத்து அந்த நேரத்தில் பதிவு செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. தெருவில் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடினாலும் அந்தத் திட்டம் கெட்டது.

பதிவு செய்யும்போது

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கையளவு, அதாவது நான்கைந்து விரல் இடைவெளி இருக்கட்டும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் வாயின் ஓரத்துப் பக்கம் வைத்தால் மூச்சுக்காற்று நேரடியாக அடிக்காது. கணினியில் பதிவு செய்தால் ஒலி அளவு காட்டும் பட்டை, நீங்கள் உரக்கப் பேசும் இடத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் போய்வர வேண்டும். சிவப்பைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும், பிறகு தைக்க முடியாது.

முழுதாகப் பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் பேசி, ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். அப்புறம் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். திருத்தும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

தப்பாகச் சொல்லிவிட்டால் நிறுத்தாதீர்கள். ஒருமுறை கையைத் தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்லுங்கள். கைதட்டிய இடம் திரையில் நெட்டுக்குத்தாக நிற்கும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

எழுதிவைத்துப் படிப்பதா, மனதில் வருவதைப் பேசுவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நான்கு வரியையும் கடைசி நான்கு வரியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பதற்குக் குறிப்புகள் போதும். முழுக்க எழுதிப் படித்தால் மேடைப் பேச்சு போலாகிவிடும். எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுங்கள்.

பெரியவர்களைப் பேட்டி எடுக்க

இந்த நாட்டில் தமிழ் பாட்காஸ்ட் செய்கிறவருக்குக் கிடைக்கும் பெரிய பாக்கியம் நம் தாத்தாக்களும் ஆயாக்களும். மவுண்ட் எட்ஜ்கோம்பின் கரும்பாலைக் குடியிருப்பைக் கண்ணால் பார்த்தவர்கள், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்த்து எடுக்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள், இராத்திரி முழுக்கத் தெருக்கூத்து ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசும் நட்டால் தமிழ் வேறெங்கும் கிடைக்காது. நிகழ்ச்சியில் வேறு எது குறைந்தாலும் பரவாயில்லை, இவர்கள் குரலை முதலில் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "ஆயா, உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்றது, கஷ்டப்பட்டோம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். "ஆயா, அந்த வீட்டில தண்ணி எங்கேயிருந்து பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். குழாய் எங்கே இருந்தது, வரிசையில் யார் முதலில் நின்றது, யார் யாரோடு சண்டை போட்டது என்று ஊரே எழுந்து வரும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. அதில் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவினால் தாவட்டும், சுலுச் சொல் கலந்தால் கலக்கட்டும். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த வாக்கியத்திலிருந்து பயந்து பயந்து பேசுவார்கள்.

பேசாமல் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அநேகமாக அவர்களே தொடர்வார்கள், அப்போது வருவதுதான் பெரும்பாலும் அந்தப் பகுதியின் உயிராக இருக்கும்.

கிளிப் மைக் வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். பட்டுப் புடவை சரசரக்கும், கண்ணாடி வளையல் குலுங்கும், தாலிச் சங்கிலி மைக்கில் டக்டக்கென்று இடிக்கும். புடவையின் தோள் மடிப்பில், சங்கிலி தொடாத உயரத்தில் குத்திவிட்டு, ஒருமுறை தலையைத் திருப்பிப் பேசச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வளையலைக் கழற்றச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வீட்டுப் பெண் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அதுதான் முறை. இருவர் பேசினால் இரண்டு போன்களில் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஓடவிட்டு ஒருமுறை கைதட்டினால், அந்த ஓசையை வைத்து இரண்டு பதிவையும் ஒன்றாக நிறுத்திவிடலாம்.

ஒப்புதல் வாங்குவதை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பதிவின் தொடக்கத்திலேயே, தன் பெயரையும் தேதியையும் சொல்லி, இதை வெளியிடச் சம்மதம் என்று அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். போபியா என்று இங்கே எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது, மீறினால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பேச்சு வேகத்தில் பெரியவர்கள் அண்டை வீட்டுக்காரரின் குடும்ப விவகாரத்தையும் சொல்லிவிடுவார்கள். வெளியிடும் முன் குடும்பத்தாரோடு ஒருமுறை உட்கார்ந்து கேட்டு, வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். முழுப் பதிவின் ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

ஊர்ப் பெயரும் வருடமும் சரிபார்க்க வேண்டுமென்றால், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் வரலாறு குறித்த ஆவணங்களும் பழைய வாய்மொழிப் பதிவுகளும் அங்கே உண்டு. டர்பன் நகருக்குள் 1860 பாரம்பரிய மையமும் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

சென்னையில் இருக்கும் ஒருவரோடு பேசுவதானால், அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே மாலை ஏழு என்றால் அங்கே இரவு பத்தரை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருவருக்கும் வசதி. அழைப்பைக் கணினியிலோ வேறொரு போனிலோ வைத்துக்கொண்டு, இருவரும் அவரவர் போனில் தனியாகப் பதிவு செய்து, கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாட்டுப் போடலாமா?

சினிமாப் பாட்டு வேண்டாம், பத்து நொடி கூட வேண்டாம். "சின்னத் துண்டு போட்டால் பரவாயில்லை" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பாதீர்கள். தேவாரம் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது, அதன் வரிகள் எல்லோருக்கும் சொந்தம். பாரதியார் பாடல்களின் உரிமையை அன்றைய சென்னை அரசு 1949இல் வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டை ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு அவருக்கோ நிறுவனத்துக்கோ சொந்தம். ஆகவே நீங்களே பாடுங்கள், அல்லது உங்கள் கோயில் பஜனைக் குழுவிடம் கேட்டு அவர்கள் பாடியதை அனுமதியோடு பதிவு செய்யுங்கள். எட்டு நொடி உடுக்கை ஒலி, அதுவும் நம்மூர் ஆளே அடித்தது, எந்த வாங்கிய இசையையும்விட உங்கள் நிகழ்ச்சிக்கு நல்ல முகப்பாக இருக்கும்.

திருத்துதல்

ஆடாசிட்டி என்ற மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் இலவசம். பதிவை உள்ளே இழுத்துவிட்டு, கைதட்டல் நெட்டுக்குத்துகளைத் தேடித் தப்பான வாக்கியங்களை வெட்டுங்கள். வெட்டிய இடம் திடுக்கென்று இருந்தால், முன்பு எடுத்துவைத்த அறை அமைதியில் ஒரு துளி அங்கே ஒட்டுங்கள். ஒவ்வொரு "ம்ம்", ஒவ்வொரு மூச்சையும் எடுக்க வேண்டியதில்லை. மனிதர் பேசுகிற மாதிரி இருக்கட்டும்.

இரைச்சல் குறைக்கும் வசதியில், அமைதிப் பகுதியை முதலில் தேர்ந்து அடையாளம் காட்டிவிட்டு, முழுப் பதிவுக்கும் 6 முதல் 9 டெசிபல் அளவுக்கு மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். கடைசியாக ஒலி உரப்பைச் சீராக்கும் கட்டளையில் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று கொடுங்கள். ஆப்பிள் கேட்கும் அளவு அதுதான்.

வெளியே எடுக்கும்போது எம்பி3, மோனோ (ஒரே ஒலித் தடம்), 64 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் தரவின் அளவு). இது வெறும் பேச்சுக்குத் தாராளம். 15 நிமிடம் சுமார் 7 எம்பிக்குள் அடங்கும். 128 கேபிபிஎஸ் என்றால் இரண்டு மடங்கு. ப்ரீபெய்டு டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் ஊர் இது, கேட்பவரின் காசையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

வெளியிடுவது

பாட்காஸ்ட் கோப்புகளை வைத்திருக்க ஒரு ஹோஸ்டிங் சேவை வேண்டும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம், தொடங்குவதற்கு அதுவே போதும். நம் நாட்டிலேயே நடக்கும் ஐயோனோ.எஃப்எம் போன்ற சேவைகளும் உண்டு. அந்தச் சேவை உங்கள் நிகழ்ச்சிக்கு ஓர் ஆர்எஸ்எஸ் முகவரி, அதாவது புதிய பகுதி வந்ததைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் இணைய இணைப்பு, கொடுக்கும். அதை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த பகுதிகள் தானாகவே போய்ச் சேரும். முகப்புப் படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சல் இருக்கட்டும். போன் திரையில் அது கட்டைவிரல் நக அளவுதான் தெரியும், அதனால் நான்கு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நிகழ்ச்சியின் பெயரையும் விவரத்தையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்தே கொடுங்கள். இங்கே தேடுகிறவர்கள் தமிழில் தட்டச்சு செய்ய மாட்டார்கள். ஊர்ப் பெயர், கோயில் பெயர் எல்லாம் அவர்கள் எப்படி எழுதுவார்களோ அதே எழுத்துக்கூட்டலில் விவரத்தில் இருக்க வேண்டும். அதே ஒலியை முகப்புப் படத்தோடு யூடியூபிலும் ஏற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு பகுதியோடு தொடங்காமல் மூன்று பகுதிகளைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரா வாரம் என்று ஆசைப்பட வேண்டாம், வேலைக்குப் போகிறவரால் தாக்குப்பிடிக்க முடியாது. நாள்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே திட்டமிடுங்கள். தைப்பூசக் காவடி, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, ஆடிக் கூழ், புரட்டாசி, முதல் கப்பல் வந்த நவம்பர் 16. இந்த நாட்களை ஒட்டி வரும் பகுதிகளைத்தான் ஆட்கள் தேடிக் கேட்பார்கள்.

செயலிகளில் ஏற்றிவிட்டு ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தால் வர மாட்டார்கள். இங்கே எல்லாம் வாட்ஸ்அப்தான். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு நிமிடத் துண்டு, ஆயா சிரிக்கும் இடமோ தாத்தா பாட்டெடுக்கும் இடமோ, வெட்டி இணைப்போடு கோயில் குழுவிலும் குடும்பக் குழுவிலும் போடுங்கள். இணைப்பைத் தொட்டுத் திறக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எம்பி3 கோப்பையே அனுப்பிவிடுங்கள். அந்தக் கேட்பவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வர மாட்டார்கள், அதனால் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளராதீர்கள். கேட்ட இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எது புரியவில்லை என்று கேளுங்கள். அடுத்த பகுதியில் எதை மாற்றுவது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

வெளியிட்ட பிறகும் வெட்டாத மூலப் பதிவை அழிக்காதீர்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறொரு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். கோப்பின் பெயரில் முதலில் வருடமும் மாதமும், பிறகு பேசியவர் பெயர், பிறகு ஊர். "புதியது 2", "கடைசி", "கடைசி சரி" என்றெல்லாம் பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எது எதுவென்று தெரியாது.